தூக்குவாளி பிடித்த இடம்

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது அஞ்சு. செத்துப்போன கொழுந்தன் பிள்ளைக ரெண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் ஏலத்தோட்டத்துக் கூலியில வளர்ந்ததுக. அதுல நான் ரொம்ப வருசம் கங்காணி. சுருளிப்பட்டியில பெண்களை ஜீப்பில் ஏத்தி, மலைமேல கேரளாத் தோட்டத்துல காயெடுக்க விட்டு, சாயங்காலம் ஒருத்தியும் விட்டுப்போகாமக் கூட்டிட்டு வரணும். வேலைக்குப் போற பிள்ளைகளுக்காக இதைச் சொல்றேன், பேத்தி ஜெனி எழுதிக்கிறா.

1. ஜீப்பு

ஜீப்பில் கொஞ்சப் பேர்தான் உக்கார முடியும். மத்தவக தொங்கிட்டு வரணும். அதனால டிரைவர் டீ குடிக்கப் போனதும் தூக்குவாளியை சீட்டில் வச்சிருவோம். வாளி இருந்தா ஆள் இருக்கிற மாதிரி. அதைத் தள்ளி வச்சவ அன்னைக்குப் பூராம் பேச்சு வாங்குவா.

2. ஏர்போட்டு

கடைசி மக மேரி அயர்லாந்துல நர்ஸ். அங்கன சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம். தாலி என் இடுப்புச் சுருக்குப்பையில. நான் போய்ச் சேராட்டி கல்யாணம் இல்ல.

மகன் வாசலோட நின்னுட்டான், உள்ள விட மாட்டாகளாம். ப்ளேன் லேட்டு. ப்ளேனுக்குப் போற கேட்டு முன்னால வரிசை. எனக்கு முழங்கால் வலி. தூக்குவாளியை எனக்குப் பதிலா முதல் ஆளா வச்சிட்டு, தள்ளிப் போய் உக்காந்தேன்.

பின்னால நின்ன மலையாளத்துக்காரர், "அம்மச்சி, இது எந்தா?"ன்னாரு.

"இடம் பிடிச்சிருக்கேன். நீங்களும் எதையாவது வச்சிட்டு உக்காருங்க."

அவர் தொப்பியை வச்சாரு. அடுத்து ஒரு பொண்ணு கழுத்துத் தலகாணியை வச்சா. ஒரு பையனுக்கு வைக்க ஒண்ணும் இல்ல. ஒத்த ஷூவைக் கழட்டி வச்சான். கொஞ்ச நேரத்துல வரிசை அப்படியே இருக்கு, ஆள்தான் ஒருத்தரும் இல்ல.

அப்பத்தான் போலீஸ்காரக நாயோட வந்தாக. நாய் தொப்பியை மோந்துச்சு, ஷூவை மோந்துச்சு. என் வாளிகிட்ட வந்ததும் உக்காந்திருச்சு. இழுத்தாலும் எந்திரிக்கலை. அது உக்காந்தா குண்டுன்னு அர்த்தமாம், எல்லாரையும் பின்னால தள்ளிட்டாக.

"யாரு வச்சதுன்னு தெரியிற வரைக்கும் ப்ளேன் கிளம்பாது"ன்னு அதிகாரி தமிழ்லயே சொன்னாரு.

தொப்பிக்காரர் மேல கூரையைப் பாத்தாரு. பையன் காலை சீட்டுக்கடியில இழுத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டா என்னை ஏத்த மாட்டாக. ஒத்துக்காட்டி ப்ளேனே போகாது. சுருக்குப்பையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"என்னோடதுதான் சார்."

"உள்ள என்ன?"

"சோறும் கருவாட்டுத் தொக்கும்."

"இங்க எதுக்கும்மா வச்சீங்க?"

"எனக்குப் பதிலா நிக்குது."

"அந்த ஷூ?"

"அதுவும் ஒரு ஆளுக்குப் பதிலாத்தான் நிக்குது."

அதிகாரி வாளியைக் காட்டினாரு. "திறந்து சாப்பிடுங்க"ன்னாரு. அத்தனை பேரும் பாக்க நின்னுக்கிட்டே நாலு வாய் சாப்பிட்டேன். நாய்க்கு ஒரு துண்டு நீட்டினேன். "டியூட்டியில குடுக்கக் கூடாதும்மா"ன்னாரு.

அப்புறம் தோட்டத்துல கூப்பிடுற மாதிரி கூப்பிட்டேன். "தொப்பிக்காரரே, வாங்க. தலகாணி, வா தாயி. ஏலே ஒத்த ஷூ, ஒளிஞ்சது போதும்." ஒவ்வொருத்தரா வந்து அவுகவுக பொருளுக்குப் பின்னால நின்னாக.

"உங்க செட்டாம்மா இவங்க?"ன்னு கேட்டாரு அதிகாரி.

"இப்பத்தான் சார் சேர்ந்தாக."

சிரிக்காமத் திரும்பினாரு. நாயைத்தான் இழுத்துட்டுப் போக முடியலை; ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாக.

கேட்டு திறந்ததும் அங்க வேலை பாக்கிற பொண்ணு வந்து, டிக்கெட்டுல போட்டிருக்கிற நம்பர்படி கூப்பிட்டா. உக்கார்ற இடமும் அதுலயே போட்டிருக்காம். என் நம்பர் கடைசி. முன்னால போன தொப்பிக்காரர், "அம்மச்சி, வாளிக்கு சீட்டு உண்டோ?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

நான் கத்துக்கிட்டது இதுதான். இடம் பிடிக்கிறதுக்கு முன்னால, அதை நமக்கு ஏற்கெனவே குடுத்திருக்காகளான்னு பாருங்க. பிடிச்சிட்டா, யாருதுன்னு கேக்கும்போது எந்திரிச்சு நில்லுங்க.

தாலி நேரத்துக்குப் போயிருச்சு. சர்ச்சுச் சாமியார் அதை மந்திரிக்கும்போது லேசாக் கருவாட்டு வாசம். ஒருத்தரும் கேக்கலை.

ஏ ஆத்தா ஜெனி, எழுதினதை வாசி பாப்போம். கருவாட்டை எடுத்துட்டுப் புளிச்சோறுன்னு மாத்தியிருந்தா, இப்பவே சொல்லிரு.