சகாயராணி கேட்ட ஊழியம்

அந்த வருடத் தவக்காலம் நாற்பது நாளும் சகாயராணி கடவுளிடம் ஒன்றைத்தான் கேட்டாள். தனக்கென்று ஓர் ஊழியம் வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. வில்லியனூருக்கு மேற்கே ஓடைமேடு என்ற ஊரில், துணை சுகாதார நிலையத்தில் உதவியாளர். பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், சீட்டு எழுத வேண்டும். நாய்க்கடிக்கு வந்தவர்களிடம் அது வளர்ப்பு நாயா தெரு நாயா என்று விசாரிக்க வேண்டும். டாக்டரம்மா வந்து சேரும்வரை கூட்டத்திடம் திட்டு வாங்க வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை. கணவன் செல்லப்பனுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட். பிள்ளைகள் இரண்டும் படிப்பை முடித்து வெளியூரில் வேலையில் இருந்தார்கள். வீட்டில் பேச ஆளில்லாத நேரத்தில்தான் ஊழியம் பற்றிய ஏக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஏக்கத்துக்கு இன்னொரு காரணம் ஜோஸ்பின் டீச்சர். பணி ஓய்வு பெற்ற பின் டீச்சர் தன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழு நடத்தினார். அங்கே ஆளுக்கொரு வரம் இருந்தது. டீச்சர் தலையில் கைவைத்து ஜெபித்தால் தலைவலி போகும் என்று பேர். ஒருத்திக்குத் தரிசனம் வரும். இன்னொருத்தி பாட ஆரம்பித்தால் எல்லோரும் அழுவார்கள். சகாயராணிக்கு இருந்தது பாய் விரிக்கிற வரமும் டீ போடுகிற வரமும்தான்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள், டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு சிகிச்சை அட்டையைக் கையில் கொடுத்தார்.

"உலகநாதன். உங்க ஊருக்குப் போற வழியிலதான வூடு? காசநோய். போன வருஷம் ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு, சரியாயிடுச்சின்னு வுட்டுட்டாரு. இப்ப திரும்ப வந்திருக்கு. இன்னொரு தடவை வுட்டா மருந்துக்கே அடங்காது. வூட்ல மூணு வயசுக் குழந்தை வேற இருக்கு. ஆறு மாசம், தினம் காலையில நீ போயி, உன் கண்ணு முன்னாடி முழுங்க வச்சிட்டு வரணும்."

"நானா மேடம்?"

"வேற யாரு போவா?"

உலகநாதனை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆறு காணி நெல்லும் கரும்பும் வைத்திருந்தவர். அவளுடைய அம்மா காசம்மாள் அவருடைய நிலத்தில் முப்பது வருடம் நாற்று நட்டவள். எஜமானைக் கூப்பிடுவது போல அம்மா அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த மகள் அவள். அந்தச் சொல் தன் வாயில் வராது என்று பத்தாம் வகுப்பு படிக்கும்போதே முடிவு செய்திருந்தாள்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றாள். உலகநாதன் மாட்டுக்கொட்டாயில் இருந்தார். இளைத்து, சட்டைக்குள் ஆளே இல்லாதது போல இருந்தார்.

"யாரு? காசம்மாள் பொண்ணா? அப்படி மேடை மேல வச்சிட்டுப் போ."

"வச்சிட்டுப் போவ முடியாது பெரியவரே. முழுங்குறத பாத்துட்டுதான் போவணும்."

'பெரியவரே' என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. மாட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு மருமகள் வெண்ணிலாவைக் கூப்பிட்டுத் தன் சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சகாயராணி வெறும் வயிற்றில் போட வேண்டிய மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் நீட்டினாள். அவர் விரல் படாமல் எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் வெண்ணிலா வாசலுக்கு ஓடிவந்தாள். கையில் நனைந்து ஊறிய நான்கைந்து மாத்திரைகள். மாட்டின் தவிட்டுத் தொட்டியில் கிடந்தனவாம்.

சகாயராணிக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. "ஏன் பெரியவரே, டிபி உங்களுக்கா, மாட்டுக்கா?"

"கசக்குது. வாந்தி வருது. மூத்திரம் செவப்பாப் போவுது. இன்னா மருந்து இது?"

"அப்படித்தான் போவும்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல? வாந்தி வந்தா எங்கிட்ட சொல்லுங்க, டாக்டரம்மாவ கேக்கறேன். மாட்டுகிட்ட ஏன் குடுக்கறீங்க? நாளையிலேர்ந்து முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டணும்."

"உங்கிட்டயா? நான் வாயைத் தொறக்கணுமா?"

"ஆமா. நாக்கையும் தூக்கணும்."

மறுநாள் அவர் வாயைத் திறந்தார். வெண்ணிலா பக்கத்தில் நின்றதால் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டுப் பல், ஒரு வெற்றிலைக் கறை, அவமானத்தில் சிவந்த முகம். சகாயராணிக்கும் அது இன்பமான காட்சி இல்லை. ஊரில் எல்லோருக்கும் கடவுள் தரிசனம் காட்டுகிறார், எனக்கு மட்டும் தினம் காலையில் இந்தக் கிழவன் வாயைக் காட்டுகிறார் என்று புலம்பிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அதையே பங்குச் சாமியார் ஆண்டனியிடமும் சொன்னாள். இளம் வயதுக்காரர் அவர். சிரித்துவிட்டார்.

"அதான்மா ஊழியம். சின்ன வேலையிலதான் கடவுள் நம்மளத் தேடி வருவாரு."

"சொல்றதுக்கு நல்லாத்தான் ஃபாதர் இருக்குது. நீங்க ஒரு நாள் வந்து அந்த மனுசன்கிட்ட மாத்திரைய நீட்டிப் பாருங்க. அப்புறம் பிரசங்கம் வைங்க."

சாமியார் வரவில்லை. ஆனால் அவள் புலம்பியது ஜோஸ்பின் டீச்சர் காதுக்குப் போய்விட்டது. அதுதான் வினை.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை டீச்சர் ஜெபக்குழுவில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு உலகநாதன் வீட்டுக்குப் போனார். கையில் மாதா கோவில் தீர்த்தம். சகாயராணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல் கேட்டுக்கு முன்னால் நின்று, நோயாளிக்காக உரத்த குரலில் ஜெபித்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் கூழ் ஊற்றும் நாள். உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வீட்டில் டிபி இருப்பது அதுவரை அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மறுநாள் காலை வாசலில் உலகநாதனின் மகன் புகழ்வேந்தன் நின்றான்.

"மாத்திர குடுக்கற சாக்குல மதம் மாத்தப் பாக்கறீங்களா? இனிமே இந்த வாசப்படி பக்கம் வராத."

"தம்பி, அவங்கள நான் அனுப்பலப்பா."

"யாரு சொல்லி வந்தாங்க அப்போ? உங்க ஆளுங்கதான?"

சகாயராணி ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"டீச்சர், உங்கள யாரு அங்க போவச் சொன்னது?"

"ஆத்துமா அழியுதேன்னு ஒரு பாரம் ராணி. ஆண்டவர் ஏவுனாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லி அவரு ஏவலியா? மூணு மாசமா சண்டை போட்டு அந்த வாயைத் தொறக்க வச்சிருந்தேன். ஒரே சாயங்காலத்துல மூடிட்டு வந்துட்டீங்களே!"

அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு சகாயராணி போகவில்லை. பாய் யார் விரித்தார்களோ.

நான்கு நாள் உலகநாதனுக்கு மாத்திரை இல்லை. டாக்டரம்மா போனில் பேசிப் பார்த்தார், புகழ்வேந்தன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் விடுமுறை போட்டுவிட்டு சகாயராணி வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெபமாலையை எடுத்தாள், சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஆண்டவரே, நான் கேட்டது இன்னா, நீர் குடுத்தது இன்னா? அந்த மனுசனுக்கு என்னைக் கண்டா ஆவல. அவரு புள்ளைக்கு ஆவல. நம்ம ஆளுங்களே வந்து கெடுத்துட்டுப் போறாங்க. அதையும் நீர்தான் ஏவுனீராம். நான் இன்னாதான் பண்றது? எனக்கு இந்த வேலை வேணாம். வேற யாருக்காவது குடும்."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு குழந்தை அழுதது. பொரியும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஏறி வீடு வந்தாள்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் இடத்தில் வெண்ணிலா நின்றாள். இடுப்பில் குழந்தை. பத்து நாளாக இருமல், மாலையானால் காய்ச்சல். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நோய் இல்லையென்றாலும் தடுப்பு மாத்திரை தர வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் வெண்ணிலா சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, மாமா நேத்து இருமுனதுல ரத்தம் வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு இன்னும் வீம்பு பண்றாரு. நீங்க வாங்கக்கா. நான் பேசிக்கறேன். எம் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் அந்த வூட்ல இருக்க மாட்டேன்."

சகாயராணி குழந்தையைப் பார்த்தாள். அது அவளுடைய கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பிடித்து இழுத்து விளையாடியது. ஒரு சளிக் கோடு மூக்கிலிருந்து உதடு வரை. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு வர்றேன். உங்க வூட்டுக்காரரு கத்துனா நானும் கத்துவேன். சொல்லி வச்சிடு."

மறுநாள் அவள் வந்ததும் புகழ்வேந்தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்குள் இரவே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. உலகநாதன்தான் மசியவில்லை.

"உன் சாமி எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போ."

சகாயராணிக்கு அத்தனை நாள் அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது.

"என் சாமிய உங்களுக்கு யாரு குடுக்க வந்தா? அவரு எனக்கு. மாத்திர உங்களுக்கு. நீங்க எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கு இன்னா? உங்க பேத்தி இருமிக்கிட்டு கெடக்குது. நீங்க இதை முழுங்கணும், அந்தப் புள்ள நல்லா இருக்கணும். எங்க ஆண்டவரு எனக்குக் குடுத்த வேலை அவ்ளோதான். அத நான் செஞ்சே தீருவேன். தொறங்க வாயை!"

சொல்லிவிட்டுத் திகைத்து நின்றாள். வேலை தேவையில்லை என்று நேற்று முன்தினம் திருப்பிக் கொடுத்தவள் அவள்தான். அதை இப்போது ஆண்டவர் கொடுத்தது என்று சொன்னதும் அவள்தான். யோசித்துச் சொன்னதில்லை. எரிச்சலில் வந்தது. ஆனால் சொன்னபிறகு அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உலகநாதன் மாட்டைப் பார்த்தார். வெண்ணிலாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சொம்பு உள்ளே இருந்தது. வெண்ணிலா எடுத்துவரப் போனாள். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சகாயராணி தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். மாத்திரையையும் அதே தண்ணீரில் முழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார்.

குழந்தைக்கு நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. தடுப்பு மாத்திரை ஆரம்பித்தார்கள். பெரியவருக்கும் குழந்தைக்கும் சேர்த்தே சகாயராணி தினம் போனாள். அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் கரும்பு வெட்டு என்று வயலுக்குப் போய்விடுவார். இவள் ஸ்கூட்டியை வரப்பில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் வாந்தி. ஒருநாள் காரணமே இல்லாத கோபம். விடுபட்ட நாட்களையும் சேர்த்து, ஆறு மாதம் ஆறரை மாதமாக நீண்டது. ஜோஸ்பின் டீச்சர் நடுவில் ஒருநாள் வந்து, "தப்புதான் ராணி" என்றார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி ஜெபத்துக்குப் போனாள். ஊழியம் வேண்டும் என்று மட்டும் அங்கே மறுபடி கேட்கவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில் கடைசி சளிப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிருமி இல்லை. உலகநாதன் ஏழு கிலோ ஏறியிருந்தார். சகாயராணி அவரிடம் அதைச் சொன்னபோது, "அப்போ நாளைக்கு வர மாட்டே?" என்றார்.

"வர மாட்டேன்."

"நல்லது," என்று மாட்டுக்கொட்டாய்க்குள் போய்விட்டார். நன்றி என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வீடு வரும் வரை எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் குடை பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். பின்னால் ஒரு ஒல்லியான ஆள், தலையில் துண்டு.

"இவன் வீரப்பன். நம்ம கழனியில கரும்பு வெட்டறவன். இருபது நாளா இருமறான். வர மாட்டேன்னான், இழுத்துட்டு வந்தேன்." பிறகு வீரப்பனிடம் திரும்பி, "இந்தம்மா சொல்றபடி கேளுடா. வுடாது. வயலுக்கே வரும்," என்றார்.

'இந்தம்மா' என்றதை சகாயராணி கவனித்தாள். காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் வீரப்பனுக்கு நோய் உறுதியானது. டாக்டரம்மா புது அட்டையை நீட்டினார். வீரப்பன் வீடு அவளுடைய வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில், ஏரிக்கரையைத் தாண்டி, மழையில் ஸ்கூட்டி போகாத இடத்தில் இருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"காலையில எத்தினி மணிக்கு எழுந்திருப்பே?" என்று, முடிவு கேட்க வந்து நின்ற வீரப்பனிடம் கேட்டாள்.

"காலையிலயா? நாளைக்கு திண்டிவனம் போறேங்க, மச்சான் வூட்டுக் கல்யாணம். வர பத்து நாளு ஆவும்."

"பத்து நாளா!" என்று சகாயராணி கத்திய கத்தலில், ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உக்காரு. அங்க உன்ன தினம் முழுங்க வைக்க ஒரு ஆளு வேணும். முதல்ல அந்த மச்சான் போன் நம்பரச் சொல்லு."