யூரியா பையில் ஊறிய நெல்

எங்கள் வீட்டில் கிழியாத கோணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழுப்புச் சணலில் நடுவே நீலக் கோடு ஓடும். மற்றவை எல்லாம் கால்மிதியாகவும், மழையில் மாட்டின் முதுகுக்குப் போர்வையாகவும் போய்ச் சேர்ந்திருந்தன. அரிசி, உரம், தவிடு எல்லாமே பிளாஸ்டிக் பைகளில் வரத் தொடங்கிய பிறகு புதுக் கோணி எதுவும் வீட்டுப் படி ஏறவில்லை. மிஞ்சிய ஒன்றை அம்மா மடித்து, எலி எட்டாதபடி பரண்மேல் அலுமினிய அண்டாவுக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை, சம்பாவுக்கு விதை நெல் ஊற வைக்கும்போது மட்டும் அது கீழே இறங்கும்.

கரியமாணிக்கத்தில் அப்பா ஒரு காணி நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தார். விதை மட்டும் அம்மாவின் பிறந்த ஊரான மடுகரையிலிருந்து வரும். அம்மாவின் ஒரே அண்ணனான என் மாமா, ஆடிச் சீர் கொண்டுவரும்போது பழம், பூ, புடவையோடு முப்பது கிலோ பொன்னி விதையையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். வேறெந்த வீட்டிலும் அப்படி ஒரு சீர் கிடையாது. தெருவே கேட்கிற மாதிரி மாமா சொல்வார்: “பொண்ணு குட்த்த வூட்டுக்குப் பொன்னி குடுக்கறேன். மாப்ள, இதுக்கு மேல இன்னா கேக்கற நீ?” அப்பாவும் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள், மூட்டையை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே போவாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சுதந்திர தின விளையாட்டில் சாக்கு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். முந்தின வருஷம் ஒரு பெண் பிளாஸ்டிக் பையில் ஓடி, வழுக்கி விழுந்து, முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அதனால் விளையாட்டு வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “கோணிதான் எடுத்தாரணும். யூரியா பை எடுத்தாந்தவ வெளிய நிக்கலாம்.” வீட்டில் கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் ஏணி வைத்துப் பரண் ஏறி, அண்டாவைத் திறந்து, கோணியைப் புத்தகப் பைக்குள் அடியில் வைத்துக் கொண்டுபோய்விட்டேன். ஒத்திகை முடிந்ததும் வாத்தியார் எல்லாக் கோணிகளையும் வாங்கி அறையில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மதியம், வயலுக்குத் தண்ணீர் விடுகிற மோட்டார்காரர் வந்தார். நாற்றங்காலுக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த தண்ணீரை மூன்று நாளில் விடுவதாகவும், அதைத் தவறவிட்டால் இன்னும் இருபது நாள் ஆகும் என்றும் சொன்னார். அன்றே விதையை ஊறப் போட்டாக வேண்டும். அம்மா பரண் ஏறினாள். அண்டா காலியாக இருந்தது.

“கோணிய பாத்தியாடி?”

“எனுக்குத் தெரியாது.”

அம்மா வீடு முழுக்கத் தேடினாள். அப்பாவுக்கு டிராக்டர் பிடிக்கப் போகிற அவசரம்.

“ஊரே இப்ப யூரியா பையிலதான் ஊற வெக்குது. உனுக்கு மட்டும் இன்னா? பைய எடு.”

“அது தண்ணிய வுடாது. சூடு புடிச்சிக்கும்.”

“ஓட்ட போட்டுக் கட்டுடி. பெரிய வெவசாய ஆபீசரு.”

அம்மா கோணி ஊசியால் பை முழுக்கக் குத்தினாள். நெல்லைக் கொட்டிக் கட்டி, இருவருமாகத் தூக்கி மோட்டார் தொட்டியில் இறக்கினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சணலைப் பற்றிப் பின்னாளில் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அது ஒரு செடியின் தண்டுப் பட்டையிலிருந்து உரித்தெடுத்த நார். நூலுக்கு நூல் இடைவெளி இருப்பதால் தண்ணீர் வடியும், காற்று புகும். ஊறிய நெல் முளைக்கும்போது மூச்சு விட்டுச் சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். கோணி அந்த வழியைத் தரும். நெருக்கமாக நெய்த பிளாஸ்டிக் பை தராது. ஊசி போட்ட துளைகளும் பை இறுகியதும் மூடிக்கொள்ளும்.

மறுநாள், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு சாக்கு ஓட்டம் நடந்தது. நான் நான்காவதாக வந்தேன். பரிசு மூன்று பேருக்குத்தான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கோணியோடு வீடு திரும்பினேன். பரணுக்குக் கீழே அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏற முடியாததால் கொல்லையில் இருந்த வைக்கோல் போருக்குள் கோணியைச் செருகினேன். அன்று மாலை அப்பா யூரியா பையைத் தொட்டியிலிருந்து தூக்கி, அதே போருக்குப் பக்கத்தில் வைத்து, மேலே வைக்கோல் மூடி, கல் ஏற்றினார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் நெல்லைக் கோணிக்கு மாற்றியிருப்பார்கள். எனக்கு முதுகில் நாலு அடி விழுந்திருக்கும். கோணி போருக்குள் இருந்தது. நெல் பத்தடி தள்ளி வெந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் அப்பா பையை அவிழ்த்தார். உள்ளே விட்ட கையை உடனே வெளியே இழுத்துக்கொண்டார். புளித்த கஞ்சி நாற்றம் கொல்லை முழுக்கப் பரவியது. அவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். எங்கோ ஒன்றிரண்டு நெல்லில் மஞ்சளாக ஒரு முனை தெரிந்தது. மற்றவை நசுக்கினால் மாவாகப் பிதுங்கின.

அப்பா யூரியா பையைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பழைய வெதயா இருக்கும்பா,” என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “போன வருஷத்து நெல்லத் தள்ளிவுட்டுட்டான். சீராம் சீரு! செத்த வெதயக் கட்டி அனுப்பியிருக்கான் உங்கண்ணன்.” போன் போட்டு மாமாவிடமும் அதையே கத்திவிட்டு, யாரிடமாவது மிச்ச நாற்று கிடைக்குமா என்று கேட்டு வைக்கச் சைக்கிளில் கிளம்பினார்.

அம்மா மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனாள். கோணி அவள் கையோடு வந்தது. அதில் விளையாட்டுத் திடலின் சுண்ணாம்புத்தூள் அப்பியிருந்தது. அவள் அதை உதறிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோணியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். சணல் குப்பென்று எரியவில்லை, வெகுநேரம் புகைந்தது.

மதியம் மாமா வந்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய்ப் பையில் கையை விட்டார். முகர்ந்தார். பையைத் திருப்பி அதன் எழுத்துகளைப் பார்த்தார். அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார்.

“கோணி இன்னா ஆச்சி?” மாமா அம்மாவைத்தான் கேட்டார்.

“எலி கடிச்சிடுச்சி ண்ணா.”

“மாப்ள, இதே வெதயத்தான் நான் போட்டேன். எங்கூட்டு நாத்து பச்சப்பசேல்னு நிக்குது. வா, கூட்டிம்போய்க் காட்றேன்.”

“நல்லத உனுக்கு வெச்சிக்கினு கழிசலத்தானே எனுக்குக் குட்த்த?” என்றார் அப்பா.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. நம்ம அப்பா காலத்துலருந்து எடுத்து வெக்கற வெத. அது செத்த வெதயா?”

அவளுக்குப் பதில் தெரியும். அது பையின் குற்றம் என்று சொல்லலாம். சொன்னால் அப்பா கோணியைக் கேட்பார். கோணியைக் கேட்டால் என்னிடம் வந்து நிற்பார். அப்பா கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிக்கிறவர். அந்த வருஷம் அவருக்கு நிலமே போய்விடும் என்ற பயமும் இருந்தது. அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். மாமா காத்திருந்தார். பிறகு, “சரி,” என்றார். அம்மா கொண்டுவந்து வைத்த சொம்புத் தண்ணீரைத் தொடாமலேயே மொபெட்டைக் கிளப்பினார்.

அப்பாவுக்கு அரைக் காணிக்குத்தான் நாற்று கிடைத்தது. அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரர் நிலத்தைத் திரும்ப எடுத்துச் சவுக்கு வைத்துவிட்டார். அப்பா ஒதியம்பட்டில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போனார். அடுத்த ஆடியில் மாமா வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை. அம்மாவும் மடுகரைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று அவள் நினைத்திருக்கலாம். எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. மாமா இறந்தபோது போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அதற்குமுன் நடந்த ஒன்றை. மாமா வராமல் போய் ஒரு வருஷம் இருக்கும். பள்ளி விட்டு வரும்போது கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மொபெட்டை ஓரம் கட்டி, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. “இன்னா மருமவளே, வளந்துட்ட! அம்மா நல்லா கீறாளா?” என்றார்.

நான் எடுத்த கோணிக்கும் கெட்டுப்போன நெல்லுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது எனக்கு எட்டவேயில்லை. மாமா ஏமாற்றியது உண்மை, அதனால்தான் அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை என்று நான் நம்பியிருந்தேன். வகுப்பிலும் தோழிகளிடம் எங்கள் மாமா செத்த விதை கொடுத்துவிட்டார் என்றே சொல்லியிருந்தேன். “ஏமாத்தறவங்கிட்ட நாங்க பேசமாட்டோம்,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, பொட்டலத்தை வாங்காமல் ஓடி வந்தேன்.

வந்த வேகத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையைச் சொன்ன மாதிரியே சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து ஈரக் கையால் என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். பிறகு என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவள் பக்கம் நின்றதற்கு எதற்காக அடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா வந்ததும் அவரிடம் சொல்லி நியாயம் கேட்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.