வீட்டுக்கு ஒரு போன் நம்பர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தவர் முதலாளி. அவளும் வீடியோ பாடம் பார்த்து, தட்டுத்தடுமாறி, கடைக்கு ஒரு டேட்டாபேஸ் உண்டாக்கிவிட்டாள். ஆளுக்கு ஒரு வரி. அதில் பெயர், போன் நம்பர், கண் பவர். ஒவ்வொரு வரிக்கும் இன்னொருவருக்கு வராத அடையாளம் ஒன்று வேண்டும் என்றது பாடம். போன் நம்பரையே அடையாளமாக வைத்தாள். ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு வருமா என்ன? வீட்டுக்கு ஒரு நம்பர் சொல்கிற ஜனங்களோடு பிறந்து வளர்ந்தவள் இப்படி நினைத்தாளே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

பஸ் டிரைவர் ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். படி இருந்த இடம் வேறு, தெரிந்த இடம் வேறு. விழுந்து எழுந்து வந்து கத்தினார்.

"இதோட வண்டி எடுத்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

அவள் கம்ப்யூட்டரில் அவர் வரியைத் திறந்தாள். பார்த்தால், அது அவருடைய அம்மாவின் பவர். அந்த அம்மா முன்பு வந்து மகன் நம்பரைத்தான் சொன்னார். 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. ஒரே வீடுதானே என்று மகன் வரியிலேயே பவரை மட்டும் மாற்றிவிட்டாள்.

"நாளைக்குக் காலைல இது ஒழுங்கா ஓடணும். இல்லன்னா நீ பழையபடி லென்ஸ் துணியைத் தூக்கிக்கோ" என்றார் முதலாளி. அந்த நாற்காலியை விட்டு ஒருமுறை எழுந்தால் திரும்ப உட்கார விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வரி வரியாகப் பார்த்தாள். கடைக்கு வந்த மனைவிமார், அம்மாமார் ஒருவர் பெயரும் காணோம். சந்தேகம் வந்து தன் பெயரைத் தேடினாள். இல்லை. கணவர் பெயருக்கு நேரே அவளுடைய பவர் இருந்தது. கையில் சொந்தப் போன் இருந்தும், யார் கேட்டாலும் அவர் நம்பரைச் சொல்லியே பழக்கம். அந்த வரியைத் தட்டி ஏற்றியதும் அவள் விரல்தான். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

புது அட்டவணை போட்டாள். இனி ஆளுக்கு ஓர் எண்ணைக் கம்ப்யூட்டரே கொடுக்கும், அதுதான் அடையாளம். போன் நம்பர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். டாக்டர் சீட்டுகளைப் பெட்டியோடு கவிழ்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

காலையில் டிரைவர் அம்மாவோடு வந்தார்.

"பையன் நம்பரைப் போட்டுக்கோம்மா."

"அது இருக்கட்டும்மா. உங்க பேரைச் சொல்லுங்க."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். ஒரே போன் நம்பரில் இரண்டு வரிகள், இரண்டு பவர்கள். கம்ப்யூட்டர் முனகவில்லை.

முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். "முதல் வரியில யாரு?"

"நான்தான் சார். என் சொந்த நம்பரோட."

அவர் அவள் மேசையில் கிடந்த லென்ஸ் துணியை எடுத்துக்கொண்டு போனார்.