அப்பாவின் கையெழுத்துக்காக, காலாவதியான பாஸுடன்: புலாவ் செபாங்கிலிருந்து திருச்சி

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, இணையத்தில் எவ்வளவு தேடியும் தமிழில் ஒருவரும் உருப்படியாக எழுதியிருக்கவில்லை. பயமுறுத்தியவர்கள்தான் அதிகம். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் திருச்சிப் பெண். கல்யாணமாகி ஐந்து வருடமாக மலேசியாவில், மலாக்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், புலாவ் செபாங்கில் இருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. வீட்டுக்குப் பின்னால் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கணவர் பிரான்சிஸ் இந்நாட்டுக் குடிமகன், லாரி ஓட்டுகிறார். அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இங்கே தங்கும் பாஸ்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்குத் தம்பி திருச்சியிலிருந்து அழைத்தான். அப்பாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு, வெள்ளிக்கிழமை காலை பைபாஸ். அம்மா இல்லை. "அக்கா, சம்மதப் பத்திரத்துல கையெழுத்து போட மாட்டேங்கிறாரு. நீ வந்தாத்தான் போடுவாராம். டாக்டர் திட்டிப் பாத்துட்டாரு, நான் அழுதும் பாத்துட்டேன்" என்றான்.

டிக்கெட் எடுக்க பாஸ்போர்ட் எண் வேண்டும். பீரோவைத் திறந்தேன்.

எங்கள் வீட்டில் புதிதாக வரும் எந்தக் காகிதமும் முதலில் மாதா சுரூபத்தின் காலடிக்குத்தான் போகும். பரீட்சை முடிவு, மோட்டார் சைக்கிள் பத்திரம், என் மாமியாரின் கண் ஆபரேஷன் கார்டு, எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. பிறகு மாமியார் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். போன வருடக் கடைசியில் வந்த என் புதிய பாஸ்போர்ட்டும் அப்படித்தான் போனது. பாஸ் ஒட்டியிருந்த பழையது அதற்கு அடியில். வழக்கமாக இரண்டு வருடத்துக்குப் பாஸ் கிடைக்கும். இந்த முறை பழைய பாஸ்போர்ட்டின் ஆயுள் குறைவாக இருந்ததால், அது முடியும் தேதியோடு பாஸையும் முடித்திருந்தார்கள். ஒட்டியதைப் பார்த்தேன், படிக்கவில்லை. பாஸ் முடிந்து நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது.

"மாதா காலுல வெச்ச பேப்பரு, எப்படி தப்பாப் போவும்?" என்றார் மாமியார்.

"மாதா தேதி பாக்க மாட்டாங்க அத்தை. நாமதான் பாக்கணும்."

அன்று முழுக்க ஒரே கணக்குதான் மனதில் ஓடியது. போகாவிட்டால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். பாஸ் முடிந்தவர்கள் வாங்க வேண்டிய வெளியேறும் அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் போய் நின்றால் தடுக்கலாம்; தடுக்காவிட்டாலும், கருப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் திரும்பி வர முடியாது. என் வீடு இங்கே இருக்கிறது.

பிரான்சிஸின் சித்தப்பா மகன் போனில் வந்தார். "அண்ணி, ஆபீசுக்கு மட்டும் போயிடாதீங்க. உள்ள வெச்சிட்டாங்கன்னா? எனக்கு ஒரு ஏஜென்ட்டு தெரியும். பாஸ்போர்ட்ட குடுத்துட்டா அவரே முடிச்சிருவாரு."

குவாந்தானில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த பிரான்சிஸ் இதைக் கேட்டுப் போனிலேயே கத்தினார். "எவன் கையிலயும் பாஸ்போர்ட்ட குடுக்காத! நான் வந்துடுறேன். நாளைக்கு நேராப் போயி, தப்பு எங்களுதுன்னு சொல்லுவோம்லா."

"உள்ள வெச்சிட்டா?"

"அப்ப நான் வாசல்லயே ஒக்காந்திருக்கேன். அதுக்கு மேல என்னா செய்ய?"

வியாழக்கிழமை மதிய விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். ஒருவழிக்கு 640 ரிங்கிட். இதில் ஒரு வேடிக்கை உண்டு: டிக்கெட் காட்டினால்தான் வெளியேறும் அனுமதி தருவார்கள், அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலேதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இரவோடு இரவாகப் பிரான்சிஸ் வந்து சேர்ந்தார்; புதன் காலை 6:50க்கு ஆயர் குரோவிலுள்ள குடிநுழைவு (இமிகிரேஷன்) அலுவலகத்துக்கு வாடகைக் கார் பிடித்தோம். சுமார் 40 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், 46 ரிங்கிட். ஓட்டுநர் அங்கிள் நம் ஆள். எங்கே, எதற்கு என்று ஐந்தே நிமிடத்தில் முழுக் கதையையும் வாங்கிவிட்டார்.

"அழுதுரும்மா. கவுண்டர்ல நல்லா அழுதுரு. என் மச்சினிச்சி போலீஸ் சம்மன் அபராதம் கட்டப் போயி அழுதா, பாதிய கொறச்சிட்டாங்க."

"இது சம்மன் இல்ல அங்கிள்" என்றார் பிரான்சிஸ்.

"எல்லாம் ஒண்ணுதான்லா. கவுண்டர்னா கவுண்டர்தான்."

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். எங்கள் எண் வர 9:40 ஆனது. தலையில் துடோங் முக்காடு அணிந்த, என் வயதே இருக்கும் அதிகாரி பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார், தேதியில் விரலை வைத்தார், என்னைப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று மலாயில் கேட்டார். தேதியைப் படிக்கவில்லை என்றேன். வேறு காரணம் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை.

தம்பி அனுப்பியிருந்த மருத்துவமனைக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த நோயாளி உங்கள் அப்பாதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். என் பிறப்புச் சான்றிதழ் திருச்சியில். அப்போதுதான் நினைவு வந்தது: நம் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருக்கும். திருப்பிக் காட்டினேன். அவர் கடிதத்தையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

பிறகு ஓர் அறையில் வாக்குமூலம். பொறுப்பாளர் என்ற முறையில் பிரான்சிஸிடம் தனியாகக் கேட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. என் மனைவி திரும்பி வர முடியுமா என்று கேட்கப் போன மனிதர், பாதியிலேயே உடைந்து அழுதுவிட்டார். இருபத்திரண்டு டன் லாரி ஓட்டுகிறவர். அதிகாரி டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். (வெளியே வந்ததும், "அங்கிளுக்கு போன் பண்ணி சொல்லிடாத" என்றார் பிரான்சிஸ்.)

மாலை 4:15க்கு, குறித்த தேதிக்குள் நாட்டை விட்டுப் போவதற்கான சிறப்பு அனுமதி கையில் வந்தது. அதற்கு 100 ரிங்கிட். தண்டத்தொகை தனி, அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நான் கட்டியதை இங்கே எழுதவில்லை. பட்டியலில் என் பெயரை ஏற்றவில்லை என்று அந்த அதிகாரியே சொன்னார். "அடுத்த முறை சீக்கிரம் வாங்க" என்றார்.

வியாழன் காலை புலாவ் செபாங்கிலிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் தாசேக் செலாத்தான் நிலையம், அங்கே மாறி விமான நிலைய ரயில். காத்திருப்பையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவுக் கவுண்டரில் என் காகிதத்தைப் பார்த்ததும் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து நிமிடம். முத்திரை விழுந்தது. விமானம் ஏறியதும் தூங்கிப்போனேன். சாப்பாடு வந்ததுகூடத் தெரியவில்லை.

மாலை ஆறரைக்கு மருத்துவமனை. அப்பா கதையைக் கேட்டு முடித்தார்.

"மூட்டை மூட்டையா புத்தகம் படிக்கிற. ஒரு தேதிய படிக்கத் தெரியலையா?"

"தெரியலப்பா."

"சரி, பேனாவ எடு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. ஊரில் இருந்தபடி நானும், மலாக்காவில் இருந்தபடி பிரான்சிஸும் விண்ணப்பித்து, இருபத்தாறாவது நாள் புது விசாவுடன் திரும்பினேன். நுழையும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு மலாய் வாக்கியங்களும் வீணாயின. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வீணடித்ததில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், முதலில் அலுவலகம். இரண்டு பாஸ்போர்ட்டும், திருமணச் சான்றிதழும், உறுதியான டிக்கெட்டும், மருத்துவமனைத் தாளில் முத்திரையோடு ஆங்கிலக் கடிதமும் வேண்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் நகல் எடுங்கள். பொறுப்பாளர் நேரில் வர வேண்டும். வேலை இருந்தாலும் வர வேண்டும். ஒரு முழு நாள் போகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எனக்கு நாற்பத்தேழு நாள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆனவர்களுக்கு நடைமுறை வேறு, ஆபத்தும் வேறு. அவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. என் கதையைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போகத்தான் வேண்டுமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன், நர்ஸ் அப்பாவிடம் கண்ணாடியையும் பல்செட்டையும் கழற்றித் தரச் சொன்னார். அப்பா தம்பியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பல்செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, சூடாக இருந்தது. அவர் வெளியே வரும் வரை, ஐந்தரை மணி நேரம், அதை நான் கீழே வைக்கவில்லை.