மாப்பிள்ளையின் முகக்கவசம்

எங்கள் முதியோர் இல்லத்தில் என்னோடு பராமரிப்பு வேலை பார்க்கும் அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். கீழ்த்தளத்தில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு மறதி நோய். ஒருநாள் அவனைப் பார்த்ததும், தன் மகளைக் கட்டியவன் என்று முடிவு செய்துவிட்டார். அவருக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். ஏனென்றால் அவன் ஊட்டினால் சாப்பிட்டார், திட்டிக்கொண்டே.

"எம் பொண்ணுக்கு வளையல் வாங்கித் தரேன்னீங்களே, எங்க மாப்பிள்ளை?"

"கடைக்காரர் இன்னும் செஞ்சு முடிக்கல அத்தை."

"அவர் செய்யலையா, நீங்க சொல்லவே இல்லையா?"

இந்தச் சண்டையில் ஒரு கிண்ணம் சூப் உள்ளே போய்விடும்.

ஆள் வேலையில் கெட்டி. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டும்போதே, முதுகில் எங்கே புண் வரப்போகிறது என்று கைவைத்துச் சொல்வான். ஒரே குறை, விதிமுறையைக் காதில் வாங்குவான், கையில் வாங்கமாட்டான்.

மழைக்காலத்தில் மேல்தளத்தில் காய்ச்சல் கிளம்பியது. மேலே வேலை செய்பவர் கீழே இறங்கக் கூடாது என்று நிர்வாகி தளங்களைப் பிரித்தார். மாப்பிள்ளைக்கு மேல்தள வேலை விழுந்தது. கீழே அம்மாள் வாயை இறுக்கிக்கொண்டார். கீழ்த்தளப் பொறுப்பு என்னுடையது. நான் ஊட்டியதை என் மேலேயே துப்பினார்.

இதைக் கேள்விப்பட்டு, நான் குளியலறை வேலையில் இருந்த ஒரு மதியம் அவன் பின்படி வழியாக இறங்கி வந்து ஊட்டிவிட்டுப் போயிருக்கிறான். துணி துவைக்கிறவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவனுக்கு இருமல். பிறகு அம்மாளுக்குக் காய்ச்சல். அதோடு கீழ்த்தளத்தில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள்.

"மேல இருந்து மாப்பிள்ளை சீதனம் கொண்டாந்துட்டாரு" என்றாள் துணி துவைக்கிறவள், சாப்பாட்டு அறையில். சிலர் சிரித்தார்கள். நிர்வாகி அவனை வீட்டுக்கு அனுப்பினார். ஆய்வக முடிவு வந்த பிறகுதான் வேலை உண்டா இல்லையா என்று சொல்வாராம்.

காய்ச்சல் கண்ட எல்லோர் மூக்கிலிருந்தும், இருமிய அவன் மூக்கிலிருந்தும் எடுத்த சளி பரிசோதனைக்காக ஏற்கெனவே ஆய்வகம் போயிருந்தது. முடிவோடு வந்த பெண் கம்ப்யூட்டரைத் திறந்து, மரக்கிளை போல ஒரு படம் காட்டினாள். அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரமாக நின்றான்.

"வைரஸ் பெருகும்போது தன்னையே பாத்து எழுதிக்குது. எழுதறப்ப அங்கங்க பிழை விடும். அந்தப் பிழை அடுத்த ஆளுக்கும் போகும். ஒரே மாதிரி பிழை ரெண்டு பேர்கிட்ட இருந்தா, ரெண்டும் ஒரே வழியில வந்திருக்கு" என்றாள் அவள். "மேல்தளம் ஒரு கிளை. கீழ்த்தளம் வேற கிளை, அது வெளியிலருந்து தனியா வந்தது."

"அப்ப அந்த ரெண்டு பேரு..."

"உங்களால இல்ல."

அவன் சுவரில் சாய்ந்தான். துணி துவைக்கிறவள் தரையைப் பார்த்தாள்.

"ஆனா ஜன்னலோர அம்மாவுக்கு மட்டும் மேல்தளத்து வைரஸ். உங்களோடதும் அவங்களோடதும் ஒரே மாதிரி இருக்கு. யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு இது சொல்லாது. இருமல் உங்களுக்குத்தான் முதல்ல."

"மாஸ்க்கைக் கழட்டினேன்" என்றான். "மூடிக்கிட்டுப் போனா, யாருய்யா நீன்னு கத்தறாங்க. முகத்தப் பாத்தாதான் வாயத் திறப்பாங்க."

நிர்வாகி எச்சரித்து வேலையில் சேர்த்துக்கொண்டார். தளப் பிரிவினையும் முடிந்திருந்தது. அம்மாளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் மறுபடியும் சாப்பிடவில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இவன் அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. எல்லார் படுக்கையையும் மாற்றுவான், அதை மட்டும் எனக்கு விடுவான்.

"ஏன்டா, அந்தம்மா இளைச்சுக்கிட்டே வராங்க, கண்ணு தெரியலையா?"

"நான் கிட்டப் போய்த்தானே வந்துச்சு. மறுபடி ஏதாவது ஆயிட்டா?"

"பட்டினி கிடந்தா மட்டும் எதுவும் ஆகாதா?"

மறுநாள் மதியம் சூப் கிண்ணத்தோடு வந்தான். வாசலிலேயே, கட்டிலுக்கு நன்றாகத் தள்ளி, முகத்தை மூடாமல் நின்று, "அத்தை!" என்று கூப்பிட்டான். அம்மாள் திரும்பி அடையாளம் கண்டுகொள்ளும்வரை காத்திருந்தான். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகக்கவசத்தை மாட்டி, கை கழுவி, கிட்டே போய் உட்கார்ந்தான்.

"மூஞ்சிய மறைக்கற அளவுக்கு என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

அவன் சூப்பைக் கலக்கினான். "உங்களுக்குக் காய்ச்சல் குடுத்துட்டேன் அத்தை."

"ஒரு வளையல் குடுக்க வக்கில்ல, காய்ச்சல் குடுக்க வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தார்.

பாதிக் கிண்ணம் இறங்கியது.