சென்ரியில் மறித்தால் எதைக் காட்டுவது?

போன சனிக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் அமெரிக்க அடிமைகளை நான் விடுதலை செய்தேன். அவர்கள் போக மறுத்துவிட்டார்கள்.

எங்கள் அப்பார்ட்மென்ற் பார்ட்டி ரூமில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். அந்த அறைக்கு இப்போது ஒரு கராத்தே மாஸ்டர் போட்டிக்கு வந்துவிட்டார். கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்ரெண்டன் — இந்த நாட்டின் கிழக்குக் கரையான நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர், அதிகம் பேசாதவர் — ஒரு நிகழ்ச்சி வைத்துக் காட்டு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

பெப்ரவரி. கறுப்பின வரலாற்று மாதம். விடுவேனா? லைப்ரரிக்கு ஓடி நான்கு புத்தகங்கள் தூக்கி வந்தேன். இரண்டே நாளில் நாடகம் தயார்.

கதை சுலபம். அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தம். சண்டைக்கு நடுவிலேயே ஜனாதிபதி அறிவிக்கிறார்: எதிரியின் பகுதியில் உள்ள அடிமைகள் எல்லோரும் இனிச் சுதந்திர மனிதர்கள்! ஜனாதிபதி யார்? வேறு யார், நான்தான். கதிரையில் ஏறி நின்று வாசிப்பேன். பிள்ளைகள் ஆரவாரத்தோடு வாசலுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் ஒத்திகை. வாசித்தேன். ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் மூலைக்குப் போய், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசையாக, மிக ஒழுங்காக வெளியேறினார்கள்.

ஏற்பாடு தர்ஷினியுடையது. வயது பத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். அடிமைத் தாய் வேடம் அவளுக்கு.

“உது என்ன பை?”

“டொக்கியூமென்ற்ஸ், அண்ணை.”

அடிமைகளிடம் ஒரு டொக்கியூமென்ற்ஸும் கிடையாது என்று விளக்கினேன். ஐடென்ரிற்றி கார்ட் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை... பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப சென்ரியில மறிச்சா என்னத்தைக் காட்டுறது?”

ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்ரியே அங்கே இல்லை என்றேன்.

“சண்டை நடக்குதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

நான்கு புத்தகம் படித்தவனிடமா? பைகளுக்குத் தடை விதித்தேன். தர்ஷினி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை அறை நிறைய அம்மாமார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு சுப்பரின்ரெண்டன். தொண்டை கிழிய வாசித்து முடித்தேன். பதினொரு பிள்ளைகளும் தர்ஷினியைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

ஐந்து விநாடி... பத்து விநாடி... என் மனக்கண்ணில் கராத்தே மாஸ்டர் வெள்ளை உடுப்போடு வந்து நின்றார்.

ஓடு பிள்ளை என்று கதிரையில் நின்றபடியே கெஞ்சினேன். ஒரு ஜனாதிபதி கெஞ்சலாமா?

“வெறுங்கையோட எப்பிடி அண்ணை போறது?”

முன்வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்தார். ஹாண்ட்பாக்கைத் திறந்து, ரப்பர் பாண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். நிஜப் பை! அவர்களுடைய அகதி விசாரணை இன்னும் முடியவில்லை. அந்தப் பை இல்லாமல் அவர் பால் வாங்கக்கூடப் போகமாட்டார்.

“இந்தா. கசக்கிப்போடாத.”

தர்ஷினி அதை அணைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் பதினொரு பேர். அறை முழுக்கச் சிரிப்பு. ஆனால் கவனித்தேன்... சிரித்த பலருடைய கை, தங்கள் தங்கள் ஹாண்ட்பாக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.

சுப்பரின்ரெண்டன் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, பையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். சரித்திரப்படி அது பிழை என்று மன்னிப்பும் கேட்டுவைத்தேன்.

பிழை இல்லை என்றார். அவருடைய முன்னோர்களுக்கு விடுதலை வந்தது அதைவிடப் பழைய ஒரு யுத்தத்தில். எங்கள் பக்கம் ஓடி வாருங்கள், நீங்கள் சுதந்திர மனிதர்கள் என்று பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்தார்களாம். ஓடிப் போனார்கள். நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறப் போனால், துறைமுகத்தில் முதலில் கேட்டது என்ன? சுதந்திர மனிதர் என்று காட்டும் கடதாசி! அதைப் பாவாடைக் கரையில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த ஒருத்தியின் வழியில் பிறந்தவராம் இவர்.

அறை எங்களுக்கே. கராத்தே ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது.

நீ சொன்னதுதான் சரி என்று தர்ஷினியிடம் ஒப்புக்கொண்டேன். “ஓம் அண்ணை,” என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சூட்கேஸுக்குப் பின்னால், ரப்பர் பாண்ட் போட்டபடி, என்னுடைய பை.

நான் சிட்டிசன் ஆகி இரண்டு வருடம். பை இன்னும் அகதிதான்.