ஹெல்மெட் மேல் ஒரு கை

இந்த நாட்டில் காற்றடித்தால் ஜனங்களுக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு வெகுகாலம் பிடித்தது. அலுவலக லிஃப்டில் என்னோடு ஏறுகிற ஒருவர் கைபேசியைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர, "நாளைக்கு நல்ல காற்று இருக்கிறது" என்பார். வீட்டில் விசேஷம், குடும்பத்தோடு சாப்பிட வந்துவிடுங்கள் என்று சொல்லுகிற குரல் அது. மறுநாள் பார்த்தால் அவர் லீவு. நமக்கெல்லாம் காற்று என்பது பிழைப்பைக் கெடுக்கிற ஆசாமி. ஆனி பிறந்ததும் மேற்கே மலையிலிருந்து கிளம்பி, வயல்களைத் தாண்டி, பாளையங்கோட்டைத் தெருக்களில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வரும். ஜன்னலைச் சாத்து, கொடியில் கிளிப்பை மாட்டு, மொட்டைமாடித் தொட்டியின் மூடிமேல் கல்லைத் தூக்கி வை என்று வீடே பரபரக்கும். அந்தக் காற்றுக்கென்று ஒரு சங்கம் வைத்து, அதில் சேர வரிசையில் நிற்பார்கள் என்று எங்கள் தெருவில் போய்ச் சொன்னால், எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்.

நெதர்லாந்தில் நான் வசிக்கிற ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் பாய்மரப் படகுக்காரர்களின் கிளப். நானும் கணவரும் பிரிந்த வருஷம், சாயங்காலங்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். அங்கேதான் அந்தக் கூத்தைப் பார்த்தேன். காற்றடைத்த பெரிய இறக்கை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒரு பலகையில் நின்று, தண்ணீரின் மேல் போகிறார்கள். இறக்கைக்குப் பெயர் விங். கைதேர்ந்தவர்களின் பலகைக்கு அடியில் ஃபாயில் என்று ஓர் உலோகத் தண்டும் சிறகும் இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரைவிட்டு எழும்பி அந்தரத்தில் போகும். வாயைப் பிளந்து நின்ற என்னிடம் ஹென்க் வந்து, "பார்க்கிறாயா, வருகிறாயா?" என்று கேட்டார். ஹென்க் வாரநாட்களில் பஸ் டிரைவர், வார இறுதியில் கிளப்பின் பயிற்சியாளர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். "நீச்சல் தெரியுமா?" என்றார். ஆற்றில் தெரியும் என்றேன். "ஆறு ஓடும். இது ஓடாது, நீதான் ஓட வேண்டும்" என்று சொல்லி ஒரு வெட்சூட்டை என் கையில் திணித்தார்.

அந்த ரப்பர் உடுப்புக்குள் நுழைவதே ஒரு தனிப் பயிற்சி. தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படிகளில் நாங்கள் இறங்கியது பாவாடையோடு. அதைத் தண்ணீரில் அடித்துக் காற்றைப் பிடித்து, குமிழ் மாதிரி உப்பவைத்து, அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டே ஆற்றின் பாதிவரை போய்விடுவோம். பெரியவளானதும் வீட்டில் ஆறு முடிந்துபோயிற்று, குளியலறை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு என் உடம்பு முழுசாகத் தண்ணீரில் இறங்கியது, நாற்பதைத் தாண்டி, இந்த ஏரியில்தான். இறங்கியது என்பதைவிட விழுந்தது என்பதே சரி. முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், விங்கின் மேலேயே விழுந்தேன். முழங்காலில் நிற்பதற்குள் ஏரியில் கால்வாசியைக் குடித்துவிட்டேன். ஹென்க் தன் ரப்பர் படகிலிருந்து "ரஸ்தக்! ரஸ்தக்!" என்று கத்துவார். எங்கள் ஊர்ப் பாஷையில் பைய, பைய. அதைச் சொல்லும்போது அவர் மட்டும் பையச் சொல்லவே மாட்டார்.

விழுவதில் எனக்கு வருத்தமில்லை. சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. முதல் நாளே கரையில் எங்களை வட்டமாக நிறுத்தி, தண்ணீரில் காட்ட வேண்டிய சைகைகளை ஹென்க் சொல்லிக்கொடுத்தார். கையை வீசினால் 'உதவி, வா'. 'நன்றாக இருக்கிறேன், நீ போகலாம்' என்பதற்கு ஒரு கையைத் தூக்கி உச்சந்தலையில் வைக்க வேண்டும். எல்லோரும் சட்டென்று வைத்தார்கள். என் கை காதுவரை போய் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யார் தன் தலையில் கை வைத்தாலும் அம்மா சும்மா விட்டதில்லை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மேஜையில் முழங்கை ஊன்றித் தலையைப் பிடித்தால் முதுகில் ஒன்று விழும். "தலையில கைய வைக்காதட்டி, குடும்பம் வெளங்குமா?" கடை எரிந்தவன் வைப்பான், வெள்ளத்தில் விளைச்சலைக் கொடுத்தவன் வைப்பான், இழவு வீட்டில் வைப்பார்கள். நன்றாக இருக்கிறவள் எதற்கு வைக்கிறாள்?

அதனால் தண்ணீரில் நான் கட்டைவிரலைக் காட்டினேன். அத்தனை தூரத்தில் அது தெரியவில்லை. கையை ஆட்டிச் 'சுகம்தான், போ' என்றேன். படகு பறந்து வந்தது. மறுபடி விழுந்தேன், மறுபடி ஆட்டினேன், மறுபடி வந்தார். "நன்றாக இருக்கும்போது ஏன் என்னைக் கூப்பிடுகிறாய்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் தலையில் கை வைத்தால் எல்லாம் போச்சு என்று அர்த்தம் என விளக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்போது உனக்கு எல்லாம் போய்விட்டதா?" இல்லை என்றேன். "அப்படியானால் வை." அவ்வளவுதான் அவருடைய தத்துவம். அத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டார். மஞ்சள் மிதவை வரை படகு பக்கத்தில் வராமல் தனியாகப் போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான் தனியாக ஏரிக்குள் போக அனுமதி. நடுவில் படகு வந்துவிட்டால் போனது போனதுதான்.

இந்தச் சமயத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெருமாள்புரத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் பிரிந்துவந்த நாளிலிருந்து ஒவ்வொரு போனிலும் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்லிவந்தேன். "நல்லா இருக்கேன்னு சொல்லுத குரலாட்டி இது?" என்பாள். போனில் தீராத கணக்கைத் தீர்க்கத்தான் நேரில் வந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "மாடில இருந்தவங்களக் காலி பண்ணச் சொல்லி, வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். நீ இங்கன நல்லா இருக்கேன்னா என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா என்கூடக் கிளம்பிரு." நான் சண்டை போட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குளிர்ந்த சில காலைகளில், ஒரு கப் காபியை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்த வெள்ளையடித்த மாடி எனக்கும் கண்ணில் தெரிந்தது. நான் நன்றாக இருக்கிறேனா என்பது அம்மாவுக்கு மட்டுமில்லை, எனக்கே நிச்சயமாகத் தெரியாத விஷயமாக இருந்தது.

அம்மா வந்த பிறகு இரண்டு காரியங்கள் கைகூடின. ஒன்று, நிற்க வந்தது. ஹென்க் ஒருநாள், "விங்கைப் பிடித்துத் தொங்காதே. காற்றின் மேல் சாய்ந்துகொள்" என்றார். அந்த நொடியில் கொக்கிரகுளம் பாலம் நினைவுக்கு வந்தது. ஆடி மாதத்தில் அந்தப் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்குப் புரியும். ஆற்றின் மேலாக வருகிற காற்று பக்கத்திலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளும். நேராக உட்கார்ந்தால் கைப்பிடிச் சுவருக்குப் போய்விடுவோம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, வண்டியோடு காற்றின் பக்கம் சாய்ந்துதான் கல்லூரிக்குப் போனேன், வந்தேன். பாலம் முடிகிற இடத்தில் காற்று பட்டென்று நிற்கும், அப்போது நிமிர்ந்துவிட வேண்டும். இவ்வளவும் என் இடுப்புக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. சாய்ந்தேன், நின்றேன். ஹென்க் "ஹூட் ஸோ!" என்று கத்தினார், அப்படித்தான், பேஷ் என்று அர்த்தம். அந்தப் பாராட்டில் அசந்து நிமிர்ந்ததால் உடனே விழுந்தேன் என்பது வேறு கதை.

இரண்டாவது, ஹெல்மெட். ஃபாயில் பலகைக்கு மாறியதும் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. ஆரஞ்சு நிறத்தில், பெரிய சட்டி மாதிரி. அதைப் போட்டுக்கொண்ட அன்று எனக்கு ஒரு வழி திறந்தது. இனி நான் கை வைப்பது தலையில் இல்லையே, ஹெல்மெட்டில்தானே! எந்த சாஸ்திரத்தில் ஹெல்மெட்டில் கை வைக்கக் கூடாது என்று இருக்கிறது? அன்றிலிருந்து தாராளமாக வைத்தேன். படகு வருவது நின்றது.

மிதவைக்குப் போகிற நாள் வந்தது. அம்மா ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்கூட இல்லை. "நானும் வாரேன். நீ அங்கன என்னதான் பண்ணுதேன்னு பாக்கணும்" என்று கிளம்பிவிட்டாள். சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் குல்லா, காலில் என்னுடைய ஷூ. மெத்தையில் தூக்கம் வராது என்று ஊரிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த பத்தமடைப் பாயையும் எடுத்துக்கொண்டாள். மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே அதை விரித்து, மூலைக்கு ஒரு கல்லை வைத்து, எலுமிச்சைச் சாத டப்பாவோடு உட்கார்ந்தாள். சைகையைப் பற்றி முன்கூட்டியே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தலையில் கை வைப்பதற்கு ஒரு வெள்ளைக்காரரிடம் பயிற்சி எடுத்துவருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

மிதவை வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திரும்பும்போது காற்று ஒரு பிடி கூடியது. சாய்ந்தேன். பலகைக்கடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் ஏரி எனக்குக் கீழே இருக்கிறது. நான் எழும்பிவிட்டேன்! யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்திலும் நான் அறிந்ததில்லை, பிரிந்தபோது கிடைத்த நிம்மதியிலும் அறிந்ததில்லை. நாலைந்து மூச்சு நேரம் இருந்திருக்கும். பிறகு அந்த உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தேன். நல்ல விழுகை. விங் ஒருபக்கம், பலகை ஒருபக்கம், நான் நடுவில்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், தூரத்தில் ஹென்க் படகில் எழுந்து நின்று என்னையே பார்க்கிறார். கை படகின் என்ஜின் மேல் இருக்கிறது. நான் சைகை காட்டாவிட்டால் கிளம்பி வந்துவிடுவார், எல்லாம் போச்சு. இந்தப் பக்கம் கரையில் அம்மா. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு அவளும் என்னையே பார்க்கிறாள். ஒரே ஒரு கணம் தயங்கினேன். பிறகு கையைத் தூக்கி ஹெல்மெட் மேல் வைத்தேன். நன்றாக இருக்கிறேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக மனசாரச் சொன்னது அப்போதுதான். அம்மா பாயிலிருந்து எழுந்து, தன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஹென்க் அதைப் பார்த்தார். மகள் ஒரு கை வைத்தால் தாய் இரண்டு கை வைக்கிறாளே, எவ்வளவு பெருமை இருக்க வேண்டும் என்று எண்ணிவிட்டார் மனிதர். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தன்னுடைய இரண்டு கைகளையும் தூக்கித் தன் வழுக்கைமேல் வைத்து அம்மாவுக்குப் பதில் சொன்னார். காப்பாற்ற வேண்டிய படகுக்காரனே தலையில் கை வைத்துவிட்டான் என்றால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

நான் தட்டுத்தடுமாறிப் பலகையில் ஏறினேன். விங்கில் போகிறவர்கள் நினைத்த இடத்துக்கு நேராகப் போக முடியாது, காற்றைப் பார்த்துக் குறுக்கே போய், வளைந்துதான் வர வேண்டும். நான் குறுக்கே போனதும், "அங்கன எங்கட்டி போற? கோமு! இங்கன வாட்டி!" என்ற அலறல் ஏரி முழுக்கக் கேட்டது. ஆழம் குறைந்த இடத்தில் ஃபாயில் தரையில் தட்டும் என்று இறங்கி நடந்தேன். இடுப்பளவு தண்ணீரில் அம்மா என்னைப் பிடித்துவிட்டாள்.

"எங்கனட்டி அடி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லா இருக்கேன்."

ஹெல்மெட்டைக் கழற்றி மண்டையைத் தடவிப் பார்த்தாள். கண்ணை விரித்துப் பார்த்தாள். அதன்பிறகு முகத்தைப் பார்த்தாள், பரீட்சைத்தாளைத் திருத்துகிற அதே பார்வை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் போன அந்த நாலைந்து மூச்சு இன்னும் உடம்பைவிட்டு இறங்கவில்லை, அடக்கினாலும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"ஆமா" என்றாள். "நல்லாத்தான் இருக்கே."

குரலில் சந்தோஷம் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டே, "மாடிய வாடகைக்கு விட்டுருதேன், என்ன?" என்று கேட்டாள்.

இதைத்தான் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளும் மல்லுக்கட்டினேன். கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று தலையாட்டினேன். அம்மா என் இடது கையை இறுக்கிப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தாள். வலது கையில் இருந்த விங் அந்நேரம் பார்த்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு என்னை ஏரிப்பக்கம் இழுத்தது.

"ரெண்டுல ஒண்ண விடுட்டி, கை பிஞ்சுரும்" என்றாள்.

"நீ விட்டுராதம்மா" என்றேன்.

அவள் விடவில்லை. நானும் விங்கை விடவில்லை. அப்படி நேராக நடக்க வரவில்லை. ஓர் அடி அம்மா பக்கமும் ஓர் அடி காற்றுப் பக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து, பாய் விரித்திருந்த இடத்தைவிட்டு வெகுதூரம் தள்ளித்தான் கரையேறினோம்.